செட்டு: ஒருவர் பேரில் ஐந்து பேர்

கோயில் கொடைக்கு நாள் குறித்ததும் வில்லுப்பாட்டைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் கேட்பார்கள்: "வில்லுக்கு யாரு செட்டைப் பேசியிருக்கிய?" பதிலாக வருவது ஒரே ஆளின் பெயர், தலைமைப் பாடகரான அண்ணாவியின் பெயர். உடுக்கு, குடம், கட்டை, ஜால்ரா என்று மேடையில் இருக்கிற மற்றவர்கள் அதற்குள் அடக்கம். நோட்டீஸ் அடிக்கும்போது மட்டும் செட்டு 'குழுவினர்' ஆகிவிடும்.

'செட்' ஆங்கிலம்; கடைசி உகரம் நாம் சேர்த்தது. இதே பொருளில் வழங்கும் 'பார்ட்டி'யும் அங்கிருந்து வந்ததே. 'கோஷ்டி' வடமொழி. மாட்டுத்தொழுவத்தைக் குறிக்கும் 'கோஷ்ட'த்திலிருந்து கூட்டம் என்று பொருள் விரிந்தது. இன்று கோஷ்டி என்றால் பூசல்தான் நினைவுக்கு வருகிறது. குழுமு, குழாம் என்பவற்றோடு உறவுடைய 'குழு' நம் சொல். சிலப்பதிகாரக் காலத்திலேயே அரசனுக்குத் துணையாக ஐம்பெருங்குழு உண்டு. ஆகவே செட்டுக்குக் குழு சரி. நையாண்டி மேளத்துக்கு அதுவும் வேண்டாம். அங்கே மேளம் என்பதே கருவியையும் குறிக்கும், அடிக்கிற கூட்டத்தையும் குறிக்கும்.

தலைவர் பெயரே கூட்டத்துக்கு ஆவது புதிதல்ல. பல வகை மரம் நிற்கிற தோப்பை, அதில் தலையாய கமுகின் பேரால் கமுகந்தோட்டம் என்பதைத் 'தலைமை' பற்றிய வழக்கு என்று தொல்காப்பிய உரைகள் காட்டும். அவ்வுரைகாரர்களில் சேனாவரையர் கொற்கைப் பக்கத்து ஆற்றூர்க்காரர் என்பார்கள். தோட்டத்துக்குக் கமுகு, செட்டுக்கு அண்ணாவி.

சிக்கல் பட்டியல் போடும்போதுதான். பழைய நோட்டீஸ் கட்டு ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றியபோது ஆளையும் குழுவையும் ஒரே பதிவாக்கித் தொலைத்தேன். அண்ணாவி காலமான பிறகும் மகன் அதே பேரில் பாடிய நோட்டீஸ் வந்ததும் மாட்டிக்கொண்டேன். இறந்தவர் மேடையேறிய கணக்கு!

நூலக முறைப்படி இரண்டும் வேறு வேறு பதிவுகள். நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தை (1921–1964) எடுத்துக்கொள்ளுங்கள். ஆள், 'அருணாசலம், காருக்குறிச்சி' என்று பெயர் திரும்பி அகரத்தின் கீழ் நிற்பார். குழுவின் பெயரைத் திருப்பக் கூடாது; 'காருக்குறிச்சி அருணாசலம் குழுவினர்' என்று உள்ளபடியே ககரத்துக்குப் போகும். நாதஸ்வரம் ஒரு பெட்டியில், தவிலும் சுருதிக்கான ஒத்தும் இன்னொரு பெட்டியில் ஆகிவிடாமல் இரண்டுக்கும் நடுவே 'மேலும் காண்க' என்ற குறிப்புப் போட்டுவிட வேண்டும். மகன் வாசித்தாலும் பேர் மாறாதவரை குழுவின் பதிவு அதேதான். மகனுக்குத் தனிப் பதிவு.