உப்புக் கரித்த இருமல்

"இருமினான், டாக்டரம்மா. வாய் நிறையத் தண்ணீராக வந்தது. 'உப்புக் கரிக்கிறது அப்பத்தா' என்றான்."

மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பேரனைக் கூட்டிவந்த அந்த அம்மா இதைச் சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே, அவித்த முட்டையின் ஓட்டுக்கடியில் இருக்கும் தோலைப்போல, சற்றுத் தடிமனாக, வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு துண்டு. தண்ணீரோடு சேர்ந்து வந்ததாம். அருவருத்து எறிந்துவிடாமல் கொண்டுவந்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். கொடைக்கானலில் குழந்தை மருத்துவராக இத்தனை ஆண்டு உட்கார்ந்திருந்தும், நோய் இன்னதென்று வீட்டாரே கையில் கொண்டுவந்து கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

பையனுக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு மாத இருமல். மலைக்குக் கீழே ஓரிடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலில் பந்து வைத்ததுபோல ஒரு வெள்ளை வட்டம். காசநோய் என்று மாத்திரை தொடங்கியிருந்தார்கள். சளியில் கிருமி தென்படவில்லை, மாத்திரையால் இருமலும் குறையவில்லை. நான் குறை சொல்ல வரவில்லை. நம் நாட்டில் நாள்பட்ட இருமல் என்றால் முதலில் காசநோயை நினைப்பதுதான் முறை. ஆனால் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்த யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை: வீட்டில் நாய் உண்டா? பக்கத்தில் ஆடு வெட்டுவார்களா?

இரண்டும் உண்டு. அதோடு, அந்த நாய் இரவில் பையனின் கம்பளிக்குள்தான் படுக்கும்.

அவனுக்கு வந்திருந்தது ஹைடாடிட் நீர்க்கட்டி. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் அது. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளும் ஒன்றை நினைக்க வேண்டாம். வளர்ந்த புழுவே 7 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் சோர்ந்துபோகாது, இளைக்காது, நன்றாகவே ஓடியாடும். புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லில், தண்ணீரில், காய்கறித் தோட்டத்து மண்ணில் கலக்கின்றன. நாய் தன் உடலை நக்கிக்கொள்வதால் அதன் ரோமத்திலும் மூஞ்சியிலும் ஒட்டுகின்றன. புல்லோடு அவற்றைத் தின்ற ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பைகள் வளர்கின்றன. ஆட்டை வெட்டுகிறவர் அந்த உறுப்பை விற்க முடியாது என்று நாய்க்கு வீசுகிறார். வட்டம் முடிந்தது.

எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தண்ணிப்பையா? அவ்வப்போது வருமே. நாய்க்குப் போட்டுவிடுவேன். இல்லையென்றால் அது வீண்தானே?" என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. அது நோய் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டுக்கறி தின்பதால் குழந்தைக்கு இது வராது. அந்தக் கட்டியைத் தின்ற நாயின் வழியாகத்தான் வரும். சைவக் குடும்பத்துக் குழந்தைக்கும் வரலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, ஆகவே பையனைப் பள்ளியில் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை. நம் மலையின் குளிரும் ஈரமும் இந்த முட்டைக்கு வாகானவை. வெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும், பனி படிந்த நிழலிலோ மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கேரட்டைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துக் கடிக்காத மலைக்குழந்தை உண்டா? நானும் கடித்தவள்தான்.

விழுங்கிய முட்டை குடலில் பொரிந்து, இளம்புழு இரத்தத்தோடு முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே சிக்காதது நுரையீரலை அடைகிறது. பெரியவர்களுக்குக் கல்லீரல் கட்டிதான் அதிகம். குழந்தைகளில் பல இடங்களில் நுரையீரல் முந்திக்கொள்கிறது. குழந்தையின் நுரையீரல் பஞ்சுபோல விட்டுக்கொடுப்பதால் கட்டி தடையில்லாமல் பெருக்கிறது. பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகும் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். வேறு காரணத்துக்கு எக்ஸ்ரே எடுத்துத் தற்செயலாகக் கண்டுபிடிப்பதும் உண்டு.

ஆபத்து கட்டி உடையும்போதுதான். ஓர் இருமலோ விளையாட்டில் பட்ட அடியோ போதும். மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் அந்த உப்புத் தண்ணீரும் தோல் துண்டும் வெளியே வரும், சில நேரம் இரத்தமும் வரும். தண்ணீர் நல்ல பக்கத்து நுரையீரலுக்குள்ளும் பாய்ந்தால் குழந்தை மூச்சுத் திணறிப்போகும். நெஞ்சறைக்குள் உடைந்தால் நுரையீரல் சுருங்கி, காற்றும் நீரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் நுண்ணிய புழுத்தலைகள் சிதறி, பிறகு புதுக் கட்டிகளாக முளைக்கலாம். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒவ்வாமை அதிர்ச்சியை. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று நிமிடங்களில் நடந்துவிடும். அப்போது அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். உடைந்து காலியான பையில் கிருமி புகுந்தால் சீழ்க்கட்டி. அதன்பின் எக்ஸ்ரேயில் பழைய அழகான வட்டம் இருக்காது, நிமோனியா என்றே எவரும் சொல்வார்கள். மிஞ்சிய நீரின்மேல் தோல் சுருண்டு மிதப்பது சில படங்களில் தெரியும். மருத்துவ நூல்கள் அதற்கு நீரல்லி என்று பெயர் வைத்திருக்கின்றன. இத்தனை பொல்லாத காட்சிக்கு இத்தனை நல்ல பெயர்.

ஆகவே நுரையீரலில் உருண்டையைப் பார்த்ததும் 'ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால், நாயைப் பற்றி நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கல்லீரல் கட்டிக்கு மருந்துக் காப்போடு ஊசி வழியாகச் செய்யும் சிகிச்சை உண்டு. நுரையீரலுக்கு அது ஆகாது. இரத்தப் பரிசோதனையையும் முழுதாக நம்ப முடியாது. உடையாத நுரையீரல் கட்டி இரத்தத்தில் தடயம் காட்டாமலே இருக்கலாம். சி.டி. ஸ்கேன்தான் கை கொடுக்கும், கூடவே வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட்.

"பள்ளிக்கூடத்தில் புழு மாத்திரை கொடுத்தார்களே, டாக்டரம்மா?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் அந்த அல்பெண்டசோல் குடலில் வாழும் உருண்டைப் புழுக்களுக்கானது, அதைத் தவறாமல் போடுங்கள். அந்த ஒரு மாத்திரை இந்தக் கட்டியைத் தொடாது. அதே மருந்தை எடைக்கேற்பத் தினமும் இரண்டு வேளை, வாரக்கணக்கில் தருவது இதற்கான சிகிச்சையின் ஒரு பகுதி. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் நன்றாக உடலில் சேரும். ஆனால் உடையாத பெரிய நுரையீரல் கட்டிக்கு அறுவைக்கு முன்பே இதைக் கொடுத்தால் சுவர் நலிந்து உடையக்கூடும். எனவே கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பையனை மதுரைக்கு அனுப்பினேன். அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து, அடர் உப்புநீரில் நனைத்த துணிகளைச் சுற்றிலும் பரப்பி, பையில் எஞ்சியிருந்ததை உருவி எடுத்தார். காற்று கசியும் மூச்சுக்குழாய்த் துளைகளைத் தைத்து மூடினார். நுரையீரலை வெட்டி எடுக்கவில்லை. குழந்தையின் நுரையீரலுக்கு மறுபடி விரிந்துகொள்ளும் திறன் அதிகம், கூடுமானவரை விட்டுவைப்பதே நல்லது.

ஐஸ்லாந்து இந்த நோயால் ஒரு காலத்தில் மிகவும் அவதிப்பட்டது. 1863இல் டென்மார்க்கிலிருந்து அங்கே போன ஹரால்ட் கிராபே என்பவர் 100 நாய்களை அறுத்துப் பார்த்ததில் 28இன் குடலில் இந்தப் புழு இருந்தது. அவர் ஒரு சிறு கையேடு எழுதினார், அது வீடுகளுக்கு இலவசமாகப் போனது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, நாய்க்கு மருந்து கொடு என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டமும் வந்தது. தடுப்பூசியோ ஸ்கேனோ இல்லாத காலத்திலேயே அந்தத் தீவு இந்த நோயிலிருந்து மீண்டுவந்தது.

"நாயை எங்காவது விட்டுவிடட்டுமா?" என்றார் அப்பத்தா. பையன் அழத் தொடங்கிவிட்டான். வேண்டாம் என்றேன். விரட்டிவிட்ட நாய் கறிக்கடை வாசலில்தான் போய் நிற்கும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு 6 வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் கொடுக்கச் சொன்னேன். நாய்க்கான எல்லாப் புழு மருந்தும் இதைக் கொல்லாது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. எனவே கொடுத்த இரண்டு நாளைக்கு நாயைக் கட்டிவைத்து, மலத்தைக் கையில் படாமல் அள்ளி எரிக்க வேண்டும். கிடா வெட்டினால், நீர்ப்பை உள்ள ஈரலையும் நுரையீரலையும் எரிக்கலாம், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கலாம். நாய்க்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரமாவது கொதிக்கட்டும். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கம்பளிக்குள் மட்டும் இனி இடமில்லை.

மறுபரிசோதனைக்கு வந்தபோது, தினசரி காலண்டரில் நாய்க்கு மருந்து கொடுக்கும் நாட்களுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருப்பதாகப் பையன் சொன்னான். இருமல் இல்லை. அதே நாயோடு வளர்கிற தங்கையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். வயிற்று ஸ்கேனில் அவள் கல்லீரலில் நெல்லிக்காய் அளவில் ஒன்று தெரிந்தது. அவளுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.