ஓடாத கேமுக்கும் மீட்டர் ஓடும்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சர்வீஸுக்கு வரும் லேப்டாப்புகளோடு ஒரு கேள்வியும் அடிக்கடி வரும்: "காசு கொடுத்து வாங்கின கேம் ஓபனே ஆகல, பணம் திரும்புமா?" கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் திரும்பும். வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எபிக் ஸ்டோர் என்ற இன்னொரு கடையிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஜிஓஜி (GOG) கடையில் 30 நாள்.

பலர் கோட்டை விடுவது அந்த 2 மணி நேரத்தில்தான். கேம் திரையில் வந்ததா என்று ஸ்டீம் பார்ப்பதில்லை. புரோகிராம் திறந்திருக்கும் நேரத்தைத்தான் எண்ணுகிறது. கேமைத் திறந்துவிடும் லாஞ்சர் புரோகிராமில் லாகின் ஆகாமல் திண்டாடும் நேரம், ஷேடர் கம்பைல் என்று கேம் தன் கிராபிக்ஸைத் தயார் செய்துகொள்ளும் நேரம் எல்லாம் கணக்கில் ஏறும். கருப்புத் திரையோடு உறைந்த கேமை அப்படியே விட்டுத் தூங்கினால், காலையில் எட்டு மணி நேரம் விளையாடியதாகக் காட்டும். டவுன்லோட் நேரம் மட்டும் சேராது. ஆகவே உறைந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் கேமை முடித்துவிடுங்கள். ஸ்டீம் லைப்ரரியில் 1 மணி நேரம் என்று காட்டினால் ரிப்பேர் முயற்சியை நிறுத்தி ரீஃபண்ட் கேளுங்கள். பிறகு வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க, முதலில் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி 'டிஎக்ஸ்டயாக்' (dxdiag) என்று அடித்து ஓட்டி, பிராசசர், ராம், கிராபிக்ஸ் விவரத்தை ஸ்டோர் பக்கத்தில் உள்ள மினிமம் தேவையோடு ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப்புகளில் ஒரு சிக்கல் உண்டு: பாதுகாப்புக் குறை காரணமாக அவற்றின் உள் கிராபிக்ஸில், கேம்கள் படம் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12-ஐப் பிந்தைய டிரைவர்களில் இன்டெல் முடக்கிவிட்டது. அது கட்டாயமான கேம் அதில் திறக்காது; ராம் கூட்டினாலும் பயனில்லை, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

'எம்எஸ்விசிபி140 டிஎல்எல் (MSVCP140.dll) இல்லை' என்று வந்தால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பை 32 பிட், 64 பிட் இரண்டும் போடுங்கள். கண்ட தளத்திலிருந்து தனி டிஎல்எல் எடுக்காதீர்கள், வைரஸ் வரும் வழி அது. கேமோடு சேர்ந்து மெஷினே அணைந்தால் சூட்டையும் சார்ஜரையும் பாருங்கள். வேலூர் வெயிலில் ஃபேன் அடைத்த லேப்டாப் தாங்காது. இதற்கு ரீஃபண்ட் கேட்டால் அடுத்த கேமிலும் அதே கதைதான்.

கேட்பது எளிது. ஸ்டீம் சப்போர்ட்டில் 'பர்ச்சேஸஸ்' போய், கேமைத் தேர்ந்தெடுத்து ரீஃபண்ட் கோருங்கள். எரர் மெசேஜ், கிராபிக்ஸ் கார்டு, செய்து பார்த்தது என இரண்டு மூன்று வரி ஆங்கிலத்தில் போதும். பணம் எங்கே வர வேண்டும் என்ற இடத்தில் கவனம்: ஸ்டீம் கணக்கிலுள்ள வாலட்டைத் தேர்ந்தெடுத்தால் பணம் ஸ்டீமுக்குள்ளேயே கிடக்கும். சில பேமென்ட் முறைகளுக்கு வாலட் மட்டும்தான் வழி. ஒப்புதல் வந்தபின் ஒரு வாரம் பொறுங்கள். வரம்பு தாண்டியிருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். கோபத்தில், பணத்தைத் திருப்பச் சொல்லி பேங்கில் டிஸ்ப்யூட் போட்டுவிடாதீர்கள்; ஸ்டீம் அக்கவுன்டே முடங்கி, மற்ற கேம்களும் சிக்கும்.

வேறு இடத்தில் வாங்கிய கீக்கு, அதாவது ஸ்டீமில் அடித்துக் கேமைத் திறக்கும் குறியீட்டுக்கு, ஸ்டீம் பணம் தராது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில், பணம் போன மெசேஜ், விற்றவரோடு நடந்த சாட் மூன்றையும் அதுவரை அழிக்காதீர்கள்.