பாலம் ஏறும்போதுதான் செயின் துள்ளும்

குடவாசல் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, செயின் தொங்குது, கொஞ்சம் இழுத்து விடுங்க" என்று வராதவர்கள் குறைவு. பின்சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் முடிந்தது. நாலைந்து தடவை தள்ளிய பிறகு தள்ள இடம் இருக்காது. "அப்ப ஒரு கண்ணிய எடுத்துடுங்க" என்பார்கள். அங்கேதான் எனக்குக் கை வராது.

செயின் தொங்குவது இரும்பு நீள்வதால் அல்ல. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஒரு மூட்டில் அது கண்ணுக்கே தெரியாது, நூறு மூட்டும் சேர்ந்தால் தொங்கும். ஒரு மூட்டின் நீளம் அரை அங்குலம் என்றால் நூறு மூட்டுள்ள செயினின் நீளம் 50 அங்குலம். கண்ணி எடுப்பதென்றால் ஜோடியாகத்தான் எடுக்க முடியும், அதாவது ஒரு அங்குலம். அவ்வளவு கூடியிருந்தால் தேய்மானம் கிட்டத்தட்ட 2 சதவீதம். அந்தச் செயினின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது.

வீட்டிலேயே அளக்கலாம். பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக்கி, ஒரு அடி இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 24 மூட்டு தள்ளியிருக்கும் பின், சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 போயிருந்தால் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டாவது கணக்கை நானே ஒரு தடவை கோட்டை விட்டேன். பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் சைக்கிள். அவள் அப்பா செலவைக் குறைக்கச் சொன்னார், நானும் பிரீவீலைப் பார்க்காமல் புதுச் செயினை மாட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்துவிட்டார். சமதரையில் ஒன்றும் இல்லையாம். வாய்க்கால் பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லை விட்டுத் துள்ளி, பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. தப்பு என்னுடையது. பிரீவீலைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன்.

பழைய செயினோடு சேர்ந்தே தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. இழுவை ஒன்றிரண்டு பல்லிலேயே விழும், அழுத்தி மிதித்தால் மேலே ஏறிக் குதிக்கும். நம்ம ஊரில் மேடு என்றால் பாலம்தான், அதனால் கோளாறு அதுவரை வெளியே தெரியாது. அந்தப் பிரீவீலைக் கடை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பல் நுனி கதிர் அரிவாள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். "பல்லு நல்லாத்தானே இருக்கு" என்பவர்கள் கையில் அதைக் கொடுத்துவிடுவேன்.

முன்னால் இருக்கும் செயின் வீல் அவ்வளவு சீக்கிரம் போகாது. முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால், முன்னது ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின்னது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அடி முழுக்கப் பின்பல்லுக்குத்தான். மூன்றையும் செட்டாக மாற்றச் சொன்னால், பல்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பெடல் சுற்றி, செயினும் ஓடி, சக்கரம் மட்டும் நகரவில்லையா? அது செயின் கோளாறே இல்லை, பிரீவீலுக்குள் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் உட்பிடி சிக்கியிருக்கிறது.

அப்புறம் எண்ணெய். டிராக்டரில் வடித்த கரி ஆயிலைச் செயினில் ஊற்றாதீர்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லின் தூசி அதில் ஒட்டி, மூட்டுக்குள் அம்மி அரைக்கும். துணியால் துடைத்துவிட்டு, பின்னைச் சுற்றியிருக்கும் ரோலருக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதையும் துடைத்துவிடுங்கள்.