குழந்தையின் பேச்சும் ஹாலில் ஓடும் டிவியும்

மூன்று வயதில் நான்கு சொல் வாக்கியம் பேச வேண்டுமாமே, எங்கள் பையன் இரண்டைத் தாண்டவில்லையே என்ற கவலையோடு வரும் பெற்றோர் இப்போது அதிகம். இணையத்தில் எடுத்த அட்டவணை ஒன்று அவர்கள் கைபேசியில் இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு.

வாக்கிய நீளத்தை வளர்ச்சியின் அளவுகோலாகப் பரவச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன். மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, 1973-இல் நூலாக வெளியிட்டார். அவரும் எண்ணியது சொற்களை அல்ல. பொருள் தரும் சிறு உறுப்புகளை. தமிழுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். "தாத்தாவுக்குத் தரமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை பேசியது இரண்டே சொல். ஆனால் யாருக்கு, என்ன செயல், மறுப்பு, மறுப்பவர் யார் என எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. ஆங்கிலக் குழந்தைக்கு இதற்கு ஐந்தாறு சொல் தேவைப்படும். ஆகவே நான் சொற்களின் எண்ணிக்கையை விட, விகுதியும் வேற்றுமை உருபும் வந்து ஒட்டுகின்றனவா என்றுதான் கவனிக்கிறேன்.

பேசிப் பழக்கும் முறையும் வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கத் தாய்மாரையும் ஜப்பானியத் தாய்மாரையும் ஒப்பிட்டு 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஒரே மாதிரி பொம்மையைக் கையில் கொடுத்தபோது அமெரிக்கத் தாய் அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜப்பானியத் தாய் அதை வைத்துக் கொடுக்கல் வாங்கல் விளையாடினார். நம் பாட்டிகள் இரண்டாவது கட்சி. "மாமாவுக்கு ஒரு வாய் கொடு" என்பதும் மொழிப்பாடம்தான். பெயர் சொல்லித் தரவில்லையே என்று அவர்களைக் குறை சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

குறை சொல்ல வேண்டியது ஹாலில் ஓடும் டிவியை. "எவ்வளவு நேரம் பார்ப்பான்?" என்று கேட்டால், "அரை மணி நேரம் கார்ட்டூன்" என்று பதில் வரும். டிவி எத்தனை மணிக்குப் போடப்படுகிறது, எப்போது அணைகிறது என்று மாற்றிக் கேட்டால் கதை வேறு. மாலையில் தொடர்கள் ஆரம்பித்தால் இரவுச் சாப்பாடு முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கிறது. குழந்தை திரையைப் பார்ப்பதே இல்லை என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதை அவ்வப்போது ஒரு கணம் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரே விளையாட்டில் நிலைத்திருக்கும் நேரம் குறைந்தது. 2009-இல் வந்த மற்றோர் ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. டிவி பேசும்போது வீடு பேசுவதில்லை.

சோறூட்டும் நேரம்தான் எனக்குப் பெரிய வருத்தம். விளம்பரப் பாட்டு வந்தால் வாய் திறக்கும், அந்த இடைவெளியில் ஒரு கவளம் உள்ளே போகும். வேலைக்கும் போய்விட்டு வந்து ஊட்டும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியாமல் நான் பேசவில்லை. ஆனாலும் "பருப்பா, ரசமா?", "சூடா இல்லையா?" என்று பேச்சு தானாக வரும் வேளை அது. நாளெல்லாம் டிவியை மூடச் சொன்னால் பாட்டி சண்டைக்கு வருவார். அதனால் முதலில் அந்தச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் கேட்டு வாங்குகிறேன்.

இன்னொரு வகைக் குழந்தைகளும் உண்டு. "நண்பர்களே, வாருங்கள், அனைவரும் ஒன்றாகச் செல்லலாம்!" என்று டப்பிங் தமிழில் முழங்குவார்கள். பெற்றோருக்குப் பூரிப்பு. அதே குழந்தை தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் குடத்தைக் காட்டும். மனப்பாடமான ஐந்து சொல் வாக்கியத்தை விட, தானாகக் கேட்ட "தண்ணீர் தா" எனக்குப் பெரிது.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அதற்காக எல்லாப் பழியையும் டிவி மேல் போட்டுவிட்டு, அணைத்துப் பார்ப்போம் என்று ஆறு மாதம் காத்திருக்கவும் கூடாது. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" போல இரு சொல் சேரவில்லை என்றாலோ, பேசிய சொற்கள் மறைந்துபோனாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதைக் கட்டணமின்றிக் கேட்கலாம். போகும்போது, குழந்தை வீட்டில் பேசுவதைக் கைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை.