ஏற்காடு ஏறும் காருக்கு டிராக் ரேஸ் மேப் போடாதீர்கள்

"400 மீட்டரை எத்தனை நொடியில் எடுக்கும்?" ரீமேப் போட, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை (மேப்) மாற்ற, வருகிற சேலத்து இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதே கார் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரோடு ஏற்காடு ஏறப்போகிறது என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். மேப் எழுதுகிறவருக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான்.

டிராக் ரேஸ், அதாவது 400 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம், பதினைந்து நொடி சங்கதி. சூடு சேர்வதற்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறுவதற்கு அரைமணி நேரமாவது ஆகும். இரண்டாம், மூன்றாம் கியரில் முழுப் பளு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போதிய காற்று கிடைக்காத வேகம்.

மேலே போகப்போகக் காற்றும் மெலியும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. காற்றழுத்தம் கீழே சுமார் 980 மில்லிபார், மேலே 845. கம்பெனி மேப்பில் 2,200 மில்லிபார் காற்றழுத்தம் கேட்கும் டர்போ டீசலை ஸ்டேஜ் 1 என்ற முதல்கட்ட ரீமேப்பில் 2,500 கேட்க வைத்தோம் என்று கொள்வோம். சேலத்தில் டர்போ காற்றை 2.55 மடங்கு அழுத்தினால் போதும். ஏற்காட்டில் அதே 2,500-க்கு 2.96 மடங்கு அழுத்தவேண்டும். சின்ன டர்போ வரம்பு மீறிச் சுழல்வது இங்கேதான். பேரிங் தேயும், ஆயில் கசியும், நீலப்புகை வரும்.

இதைத் தடுக்கத்தான் கம்பெனி மேப்பில் ஆல்டிட்யூட் கரெக்‌ஷன் டேபிள் இருக்கிறது. வெளிக்காற்று மெலிந்தால் டர்போ தரும் அழுத்தமான பூஸ்டைக் குறைக்கும். மலையில் பிக்கப் குறைகிறதென்று சிலர் அதை எடுத்துவிடுகிறார்கள், கூடவே காற்றுக்கு மேல் டீசல் போகாமல் தடுக்கும் ஸ்மோக் லிமிட்டரையும். காற்று போதாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகைதான். எக்ஸாஸ்ட் வெப்பம் டர்போவுக்கு முன்னால் 800 டிகிரியைத் தாண்டி நின்றால் பிஸ்டன் தலையே உருகக்கூடும். அந்த டேபிளையும் லிமிட்டரையும் தொட்டீர்களா என்று மேப் போடுகிறவரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு ரீமேப்பே வீண்செலவு. கூடுவது ஐந்தாறு சதவீதம். ஏற்காட்டு உயரத்தில் காற்றே அதைவிட அதிகமாகப் பறித்துவிடும்.

மேப்புக்கு முன்னால் இன்ஜெக்டர் கரெக்‌ஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவில் செய்யும் திருத்தம்), பூஸ்ட் ஹோஸ் கசிவு, கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒத்துப்போகிறதா என்ற பதிவு (லாக்), இவை மூன்றையும் பாருங்கள். கிளட்சுக்கு எளிய சோதனை உண்டு. காலியான நேர்சாலையில் நான்காம் கியர், 1,500 ஆர்பிஎம், முழு ஆக்சிலரேட்டர். வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. 190 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு அமைத்த கிளட்ச் 240-ஐ அதிக நாள் தாங்காது. வளைவில் 1,500-க்குக் கீழே இறங்கினால் மூன்றாம் கியரிலேயே மிதிக்காமல் இரண்டுக்கு மாற்றுங்கள். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஆர்பிஎம் மிதியில்தான்.

பந்தய ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும் கோவை காரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன. பைபாஸில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவுப்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேப் மாற்றியதை மறைத்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

குதிரைத்திறனுக்குச் செலவழிப்பவர்கள் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள், இறக்கத்தில் உயிரைக் காப்பது அதுதான். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155-க்கு இறங்கிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடல் மெத்தென்று உள்ளே போனால் கியரைக் குறைத்து, மெதுவாக ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவேண்டாம், விரிசல் விடும்.