பிப் இல்லாமல் வந்தவர்

மாரத்தான் ஓட்டங்களின் மருத்துவக் கூடாரத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்ததும் எங்கள் கை தானாகவே அவர் மார்பில் குத்தியிருக்கும் பிப்புக்குப் போகும். கட்டணம் கட்டிப் பதிவு செய்து ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் எண் சீட்டுதான் பிப். அதைத் திருப்பினால் பின்பக்கத்தில் பெயர், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் இருக்க வேண்டும். முன்பக்கத்து எண்ணை ஒருங்கிணைப்பாளர்களிடம் சொன்னால் பதிவின்போது கொடுத்த மற்ற விவரங்களும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

ஒருநாள் அப்படித் திருப்பிப் பார்க்க ஒன்றுமே இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், 36-ஆவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்திருக்கிறார். "டாக்டர், இவருக்கு நம்பரே இல்லை" என்றார் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துவந்த தன்னார்வலர். பாக்கெட்டில் ஒரு சாவியும் பாதி பிழிந்த எனர்ஜி ஜெல்லும் இருந்தன. பெயரைக் கேட்டோம். ஏதோ சொன்னார், பெயர் வரவில்லை. மலக்குடல் வழியாக எடுத்த வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது.

வெப்பத்தாக்குக்கான சிகிச்சை பெயர் தெரியும் வரை காத்திருக்காது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கினோம். முதலில் குளிர்வி, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பதுதான் இதில் விதி. முதல் அரை மணி நேரம் உயிருக்கும் மூளைக்கும் அவ்வளவு முக்கியம். ஆனால் எங்கள் மனதில் கேள்விகள் ஓடிக்கொண்டே இருந்தன. சர்க்கரை நோய் இருக்கிறதா? வலிப்பு உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா? வெப்பத்தோடு சேர்த்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியமும் குறைந்திருக்கிறதா? அதிலும் இதே குழப்பம், இதே தடுமாற்றம்தான் வரும். அது தெரியாமல் சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். இது அபூர்வமும் இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. பிப் இருந்திருந்தால் சில கேள்விகளுக்காவது உடனே பதில் கிடைத்திருக்கும். நாங்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அவர் பிழைத்துக்கொண்டார். தெளிந்ததும் சொன்ன முதல் முழு வாக்கியம்: "நான் உங்க தண்ணியக்கூட எடுக்கல டாக்டர், என்னோடதை நானே கொண்டுவந்தேன்."

அதே நேரத்தில் அவர் மனைவி முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். உதவி மேசையில் போய்க் கேட்டதற்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒருத்தர் இந்த ஓட்டத்திலேயே இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் அந்த அம்மா எப்படி நின்றிருப்பார் என்பது இன்னமும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கட்டணம் கட்டாமல் ஓடுவது சரியா தப்பா என்ற பேச்சு எப்போதும் தண்ணீர்க் கோப்பையிலும் மெடலிலுமே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கோப்பைத் தண்ணீரில் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்தான். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஓடுபாதையில் கால் வைத்த கணமே நீங்கள் எங்களை நம்பி ஓடுகிறீர்கள். வண்டிகள் வராமல் சாலையை மறித்து நிற்கும் போலீஸ், விழுந்தால் ஓடிவரும் முதலுதவிக் குழு, இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர், விடியும் முன்பே எழுந்து வந்த தன்னார்வலர்கள் என்று எல்லாமே உங்களையும் தாங்குகின்றன, நீங்கள் எதையும் கையால் தொடாவிட்டாலும். அவர்களிடம் நீங்கள் இருப்பதை மட்டும் மறைத்துவிட்டீர்கள்.

எத்தனை கட்டில், எவ்வளவு ஐஸ், எத்தனை ஆம்புலன்ஸ் என்று நாங்கள் திட்டமிடுவது பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையையும் அன்றைய வானிலையையும் வைத்துத்தான். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 சிகாகோ மாரத்தானை நினைத்துப் பாருங்கள். கடும் வெப்பம், தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஓட்டக்காரர்களின் புகார், கடைசியில் ஓட்டத்தையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே காரணம் பதிவில்லாதவர்கள் இல்லை. ஆனால் அப்படி ஒரு நாளில் கணக்கில் வராத சில நூறு பேரும் சேர்ந்திருந்தால் யாருடைய கோப்பை காலியாக இருந்திருக்கும்? பின்னால் மெதுவாக வருகிறவருடையது. வெயிலில் அதிக நேரம் நிற்பவரும் அவர்தான்.

"சாலை பொதுச்சொத்துதானே" என்பார்கள். மற்ற நாட்களில் அப்படித்தான். அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு மட்டும் இத்தனை பேர், இத்தனை பாதுகாப்பு என்று சொல்லி அனுமதி வாங்கி அதை மூடியிருக்கிறார்கள். நண்பருக்குத் துணையாகக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே நுழைகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இரவல் பிப், அதாவது வேறொருவர் பெயரில் பதிவான பிப்பைக் குத்திக்கொண்டு ஓடுவது, இன்னும் ஆபத்து. காசு கட்டியாயிற்றே, பிறகென்ன என்று நினைக்கிறார்கள். ஒருமுறை பிப்பில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு, "உங்கள் கணவர் மயங்கி விழுந்துவிட்டார்" என்று நானே சொன்னேன். எதிர்முனையில் அலறல். பார்த்தால் அந்தக் கணவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். விழுந்தவரின் வீட்டுக்கு ஒரு தகவலும் போகவில்லை. எந்தத் தகவலும் இல்லாவிட்டால் நாங்கள் எச்சரிக்கையாக இருப்போம். தவறான தகவல் இருந்தால் அதை நம்பிவிடுவோம்.

பதிவில்லாமல் ஓடுவதற்கு பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண்ணை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. 1966-இல் பாஸ்டன் ஓட்டத்துக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஓடும் உடல்வலு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கலந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். 1972-இல்தான் அங்கே பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது. அவர் செய்ததை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் அவர் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று முதலில் கேட்டவர். எழுத மறுத்ததால்தான் புதருக்குள் போனார். இன்று பிப் இல்லாமல் வருகிறவர்களில் அநேகம் பேர் பெயர் கொடுக்க வழியிருந்தும் கொடுக்காதவர்கள். அதே பாஸ்டனில் பதிவில்லாதவர்களைப் பல காலம் கண்டும் காணாமல் விட்டுவந்தார்கள். 2013 ஓட்டத்தின்போது அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, அடுத்த ஆண்டிலிருந்து கறாராகத் தடுத்துவிட்டார்கள்.

கட்டணம் அதிகம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். சில ஓட்டங்களின் கட்டணத்தைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. காயம்பட்டவரின் இடத்தை இன்னொருவருக்கு முறையாக மாற்றித்தர மறுப்பதும் அநியாயம். அதை ஒருங்கிணைப்பாளர்களிடம் எழுதிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். பல ஓட்டங்களில் தன்னார்வலராக வேலை செய்தால் அடுத்த முறை இடம் தருகிறார்கள். பார்க்ரன் என்ற வாராந்திர ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் 2004-இல் லண்டனில் 13 பேரோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது, இன்னும் இலவசம்தான். அங்கும் பெயரைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள்.

பிப் இல்லாமல் விழுந்தால் பார்ப்பீர்களா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பார்ப்போம். எண் இருப்பவருக்கு என்ன செய்வோமோ அதையேதான் செய்வோம், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஓட்டத்தின் காப்பீடு பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், பிப் வாங்கியவர்களுக்கும் ஒன்று. கூடாரத்துக்கு வரும் பிப்புகளில் நிறைய பின்பக்கம் வெறுமையாகவே இருக்கின்றன. ஊக்கைக் குத்துவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். கூட ஓடுகிறவரின் எண் வேண்டாம், அன்று வீட்டில் இருந்து போனை எடுக்கக்கூடியவரின் எண்ணை எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்துவிடுகிறது.