குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் ஓநாய் யார்?

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நான், "மக்களே, கெட்டவங்க எப்படி இருப்பாங்கன்னு வரைஞ்சு காட்டு" என்று அவர்களிடம் கேட்பதுண்டு. நீண்ட பல்லும் சிவந்த கண்ணும் விரித்த தலைமுடியுமாகத்தான் பெரும்பாலான குழந்தைகள் வரைகிறார்கள். வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரைப் போன்ற முகத்தை வரையும் குழந்தை மிக அரிது. ஆனால் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களுக்கு அறிமுகமானவர்களே என்பதால், இந்தப் படம் எனக்குக் கவலை தருகிறது.

பழைய கதைகள் இதை அறிந்திருந்தன. 1697-இல் பிரான்சில் சார்லஸ் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் அவளை ஓநாய் தின்றுவிடுகிறது, கதையும் அங்கேயே முடிகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை. அதன் ஈற்றிலுள்ள செய்யுள், இனிமையாகப் பேசி வீடுவரை பின்தொடரும் ஓநாய்களே எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்று இளம்பெண்களை எச்சரிக்கிறது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அக்கதையை வெளியிட்டபோது, வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியை மீட்கிறான்; கூடவே, பெரோவிடம் இல்லாத ஒன்றாக, "வழியை விட்டு விலகாதே" என்ற தாயின் அறிவுரையும் இடம்பெறுகிறது. இதனால் ஓநாயின் குற்றம் சிறுத்து, சொல்பேச்சுக் கேட்காத சிறுமியின் தவறே பெரிதாகத் தெரிகிறது. துன்புறுத்தப்பட்ட குழந்தைகள் பலர் "நான்தானே அங்கே போனேன்" என்று வாய்மூடி இருந்துவிடுவதைப் பார்க்கும் எனக்கு, இந்தப் பாடம் குழந்தைகளுக்குச் செய்யும் கேடு சிறியதாகத் தோன்றவில்லை.

நம் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலிக்கும் இதே கதிதான். நம்பி உடன்வந்த பெண்ணை நகைக்காகக் கொன்றவனை, அவள் மறுபிறவியில் நீலியாக வந்து பழிவாங்குவதை வில்லுப்பாட்டு முழுமையாகப் பாடும். குழந்தையைத் தூங்கவைக்கச் சொல்லும்போதோ அந்த முற்பாதி விடுபட்டு, பனைமரத்திலிருந்து இறங்கிவந்து சுண்ணாம்பு கேட்கும் யட்சி மட்டுமே மிஞ்சுகிறாள். கொன்றவன் கதையிலிருந்தே தப்பிவிடுகிறான்.

மாற்றாந்தாய்க் கதைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். தந்தை மறுமணம் செய்துகொண்ட ஒரு சிறுமி, சித்தி பரிமாறிய சோற்றை ஒவ்வொரு கவளமாக முகர்ந்து பார்த்த பிறகே உண்டாள். அந்தச் சித்தியிடம் நான் எந்தக் குறையும் காணவில்லை. சிறுமியின் மனத்தில் இருந்தது ஸ்னோ ஒயிட் கதையில் மாற்றாந்தாய் கொடுக்கும் நச்சு ஆப்பிள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முயன்றவள் பெற்ற தாயே. 1819-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். இதை அச்சிறுமியின் வீட்டாருக்கு நான் விளக்கியது, கதை சொல்பவர்கள் தம் காலத்துக்கு ஏற்பக் கதையை எப்போதுமே மாற்றி வந்திருக்கிறார்கள், நமக்கும் அந்த உரிமை உண்டு என்று காட்டத்தான்.

ஆகவே கதை சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். கிரிம் சகோதரர்களின் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையின் ஈற்றில், பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. இன்னொரு நாள் வேறோர் ஓநாய் வழிமறித்துப் பேசும்போது, சிறுமி நிற்காமல் நேரே பாட்டியிடம் போய் நடந்ததைச் சொல்கிறாள். பாட்டி "நீ ஏன் அந்த வழியாக வந்தாய்" என்று கேட்காமல், உடனே கதவைத் தாழிடுகிறாள். கூரைமேல் ஏறிய ஓநாய் கடைசியில் கீழே இருந்த தொட்டி நீரில் விழுந்து மூழ்குகிறது. இந்தப் பகுதியைச் சொல்லிவிட்டு, "நீயாக இருந்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். குழந்தை ஒரே ஒருவரின் பெயரை மட்டும் சொன்னால், இன்னும் ஓரிருவரைச் சேர்க்க உதவுங்கள்.

உண்மையிலேயே ஒரு குழந்தை உங்களிடம் வந்து சொன்னால், அது சொல்லும் ஆள் நெருங்கிய உறவினராகவே இருந்தாலும் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 தமிழக–கேரள எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.